சின்னத் தொழிலுக்கு என்ன பெயர்: சொந்தப் பெயரா, தொழிலைச் சொல்லும் பெயரா, புதுச் சொல்லா?

தனியாளாகவோ இரண்டு மூன்று பேர் சேர்ந்தோ ஒரு தொழில் தொடங்குபவர்கள் பெயரில் வந்து மாட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. வேலை தெரியும், கருவிகள் வாங்கியாச்சு, முதல் வாடிக்கையாளர்கூடத் தயார். ஆனால் பெயர் முடிவாகாததால் போர்டு எழுதவில்லை, பில் புத்தகம் அடிக்கவில்லை, பேங்க் கணக்குத் திறக்கவில்லை. இன்னொரு பக்கம், மனசுக்குப் பிடித்தது என்று ஒரே ராத்திரியில் ஒரு பெயரை வைத்துவிட்டு, தொழில் நன்றாக ஓடத் தொடங்கிய நேரத்தில் வக்கீல் நோட்டீஸ் வந்து எல்லாவற்றையும் மாற்ற வேண்டிய நிலைக்கு ஆளாகிறவர்கள். இரண்டு பேருக்கும் சிக்கல் ஒரே இடத்தில்தான் தொடங்குகிறது. ஒரு நோட்டில் முப்பது நாற்பது பெயரை எழுதி வைத்துக்கொண்டு எது அழகு என்று பார்க்கிறார்கள். அதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது எந்த வகைப் பெயர் என்பதைத்தான். ஒவ்வொரு வகையும் ஒன்றைக் கொடுத்து இன்னொன்றைக் கேட்கும். சில வகை முதல் நாளே கேட்கும், சில வகை தொழில் வளர்ந்த பிறகு, மாற்ற முடியாத நேரத்தில் வந்து கேட்கும்.

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க ஒரு தொழிலை எடுத்துக்கொள்வோம். ஒருவர் சைக்கிள் பழுது பார்க்கிறார். செயின் மாற்றுவது, பிரேக் சரி செய்வது, கோணிப்போன வீலை நேராக்குவது எல்லாம் அவரே. இப்போதைக்கு ஒரே ஆள். பின்னால் ஒரு உதவியாளரை வைத்துக்கொள்ளலாம், பழைய சைக்கிளைப் புதுப்பித்து விற்கலாம், ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்புகூட எடுக்கலாம். அவருக்கு என்ன பெயர் பொருந்தும்?

முதலில் எல்லோருக்கும் தோன்றுவது தொழிலை அப்படியே சொல்லும் பெயர். 'விரைவு சைக்கிள் பழுதுபார்ப்பு நிலையம்' என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை யாருக்கும் விளக்க வேண்டாம். தெருவில் போகிறவர் படித்தால் போதும், உள்ளே வரலாமா வேண்டாமா என்று அவருக்குத் தெரிந்துவிடும். கூகுளில் 'சைக்கிள் பழுது' என்று தேடுகிறவர் கண்ணிலும் பட வாய்ப்பு உண்டு. விளம்பரத்துக்குக் காசில்லாத ஆளுக்கு இது பெரிய விஷயம், குறைத்துச் சொல்லவே மாட்டேன்.

ஆனால் அந்தப் பெயர் அவருடையது ஆகாது. பக்கத்துத் தெருவில் இன்னொருவர் 'அதிவிரைவு சைக்கிள் பழுதுபார்ப்பு நிலையம்' என்று போர்டு வைத்தால் சட்டப்படி செய்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. டிரேட்மார்க் சட்டம், அதாவது ஒரு தொழிலின் பெயரை மற்றவர் எடுத்துக்கொள்ளாமல் காக்கும் சட்டம், பல நாடுகளில் ஏறக்குறைய ஒரே ஏணியைத்தான் பின்பற்றுகிறது. 1976ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, 'சஃபாரி' என்ற சொல்லை அபர்க்ரோம்பி அண்ட் ஃபிட்ச் நிறுவனம் சொந்தம் கொண்டாடிய வழக்கில், அந்த ஏணியைத் தெளிவாக அடுக்கி வைத்தது. அடிப்படியில் பொருளின் பொதுப் பெயர், அதற்குப் பாதுகாப்பே கிடையாது. அதற்கு மேல் பொருளை விவரிக்கும் பெயர், இந்தச் சொல்லைக் கேட்டதும் மக்களுக்கு என் நிறுவனம்தான் நினைவுக்கு வருகிறது என்று நிரூபித்தால்தான் பாதுகாப்பு. அதற்கும் மேல் குறிப்பால் சொல்லும் பெயர். உச்சியில், தொழிலுக்குச் சம்பந்தமே இல்லாத சொல்லும் புதிதாக உருவாக்கிய சொல்லும். மேலே போகப் போகச் சட்டம் கெட்டியாகக் கூட நிற்கும், கீழே வர வர வாடிக்கையாளருக்குச் சட்டென்று புரியும். பெயர் வைப்பதில் உள்ள இழுபறி முழுக்க இதுதான்.

விவரிக்கும் பெயரை வைத்துக்கொண்டு ஜெயித்தவர்கள் இல்லையா என்றால் இருக்கிறார்கள். புக்கிங்.காம் என்ற பெயரைப் பதிவு செய்ய அமெரிக்க டிரேட்மார்க் அலுவலகம் மறுத்தது, அவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போய் 2020ல் 8க்கு 1 என்ற கணக்கில் ஜெயித்தார்கள். இது ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தின் பெயர் என்று 74.8 சதவீதம் பேர் அடையாளம் கண்டதாக ஒரு கருத்தாய்வையும் வழக்கில் காட்டினார்கள். அதற்கான வக்கீல் செலவும் விளம்பர பலமும் ஒற்றை ஆள் பட்டறைக்கு ஏது?

இரண்டாவது சிக்கல் இன்னும் மெதுவாக வரும். தொழில் மாறும், பெயர் மாறாது. செவன் இலெவன் கடைகளுக்கு 1946ல் அந்தப் பெயர் வந்ததே காலை 7 முதல் இரவு 11 வரை திறந்திருக்கும் என்பதால்தான். இன்று பெரும்பாலான கிளைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கின்றன. மோட்டல் 6 என்ற தங்கும் விடுதி 1962ல் தொடங்கியபோது ஒரு இரவுக்கு 6 டாலர், அந்த விலை எப்போதோ போய்விட்டது, எண் மட்டும் போர்டில் நிற்கிறது. டங்கின் டோனட்ஸ் 2019ல் பெயரிலிருந்து டோனட்ஸை எடுத்துவிட்டு வெறும் டங்கின் ஆனது. இவர்கள் அத்தனை பேரும் பொருந்தாத பெயரைத் தாங்கிக்கொள்ளவோ மாற்றிக்கொள்ளவோ வசதி உள்ளவர்கள். நம் சைக்கிள்காரர் நாளைக்குப் பழைய சைக்கிளைப் புதுப்பித்து விற்க ஆரம்பித்தால், பழுதுபார்ப்பு நிலையத்தில் போய் யார் சைக்கிள் வாங்குவார்கள்? 'விரைவு' என்ற சொல்லும் அப்படித்தான். வேலை குவிந்து ஒரு சைக்கிள் நாலு நாள் காத்திருக்கும் காலம் வரும்போது பெயரே புகார் சொல்ல ஆரம்பித்துவிடும். விலை, வேகம், நேரம், இடம், எண்ணிக்கை, இவற்றைத் தயவுசெய்து பெயருக்குள் கொண்டுவராதீர்கள். இவை எல்லாமே மாறக்கூடியவை.

அடுத்தது சொந்தப் பெயர். இதைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதன் நல்லதும் கெட்டதும் வெளியே தெரிவதைவிட ஆழமானவை.

நல்லதிலிருந்து தொடங்கலாம். தன் பெயரைப் போர்டில் போடுகிறவர் வேலைக்குப் பொறுப்பேற்கிறார். பிரேக் பிடிக்கவில்லை என்றால் யாரிடம் போய்க் கேட்க வேண்டும் என்று வாடிக்கையாளருக்குத் தெரியும். இந்த நம்பிக்கையை வேறு எந்த வகைப் பெயராலும் முதல் நாளிலேயே கொடுக்க முடியாது. மொழிபெயர்ப்பாளர், புகைப்படக்காரர், கட்டடம் வரைபவர், கணக்கு பார்ப்பவர் போன்றவர்களைத் தேடி வருகிறவர்கள் ஒரு ஆளைத்தான் தேடி வருகிறார்கள், நிறுவனத்தை அல்ல. அவர்கள் புதுப் பெயர் தேடி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதே இல்லை, இருக்கிற பெயரே போதும். ஏற்கெனவே பத்துப் பேருக்கு உங்களைத் தெரியும் என்றால் அந்தப் பத்துப் பேரின் வாய்வழியாகப் பரவுவதும் சுலபம்.

கெட்டது மூன்று இடத்தில் வரும். ஒன்று, ஆள் சேர்க்கும்போது. உதவியாளர் எவ்வளவு திறமையாக வீலை நேராக்கினாலும், "அவர் இல்லையா? அப்ப நான் நாளைக்கு வரேன்" என்று வாசலிலேயே திரும்பிப் போகும் வாடிக்கையாளர் இருப்பார். உங்கள் பெயரைப் பார்த்து வந்தவரிடம் உங்கள் கையைத் தவிர வேறு கையை ஒப்புக்கொள்ளச் சொல்வது கஷ்டம். உடம்பு சரியில்லாமல் நீங்கள் ஒரு மாதம் படுத்தால் தொழிலும் படுத்துவிடும். இரண்டு, கூட்டாளிகள். இருவர் பெயரையும் சேர்த்து வைத்த தொழிலில் ஒருவர் விலகினால் மிச்சமிருப்பவர் அந்தப் பெயரை என்ன செய்வது? விலகியவர் அதே தொழிலை வேறு இடத்தில் தொடங்கினால் இன்னும் மோசம்.

மூன்றாவதுதான் பெரியது. தொழிலை விற்றால் பெயரும் போய்விடும். லேடி டயானா 1981ல் திருமணத்துக்கு அணிந்த உடையை வடிவமைத்தவர்களில் ஒருவர் எலிசபெத் இமானுவேல். தன் பெயரில் இருந்த டிரேட்மார்க்கைத் தொழிலோடு சேர்த்து ஒரு நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்தார், அது பின்னால் கைமாறியது. வடிவமைத்தவரே இல்லாத நிறுவனம் அவர் பெயரைப் பயன்படுத்துவது மக்களை ஏமாற்றுவதாகும் என்று அவர் வாதாடினார். அந்தக் காரணத்துக்காக மட்டும் பதிவை மறுக்கவோ பறிக்கவோ முடியாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2006ல் சொல்லிவிட்டது. வாசனைத் திரவியத் துறையில் ஜோ மலோன் கதையும் பலருக்குத் தெரிந்ததுதான். 1999ல் தன் பெயரிலான தொழிலை எஸ்தே லாடர் நிறுவனத்துக்கு விற்றார், 2006ல் வெளியேறினார், 2011ல் திரும்பவும் தொழில் தொடங்கியபோது ஜோ லவ்ஸ் என்று வேறு பெயர் வைக்க வேண்டி வந்தது. பழைய பெயரில் கடைகள் இன்றும் நடக்கின்றன, அவர் இல்லாமல்.

நம் தொழிலை யார் வந்து கோடிக்கு வாங்கப் போகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். சின்னத் தொழிலும் கைமாறும். ஓய்வு பெறும்போது உதவியாளரிடமே கொடுத்துவிட்டுப் போகலாம், அதில் கிடைக்கும் காசுதான் பலருக்குக் கடைசிக்கால சேமிப்பு. ஆகவே என் கணக்கு இதுதான். கடைசி வரை ஒரே ஆளாக, உங்கள் கையாலேயே செய்யப் போகிறீர்கள் என்றால் சொந்தப் பெயர். என்றைக்காவது ஆள் சேர்க்கவோ கைமாற்றவோ நினைப்பிருந்தால் வேண்டாம். நடுவழி ஒன்று உண்டு. பெயர் வேறாக இருக்கட்டும், விசிட்டிங் கார்டிலும் இணையதளத்தின் முதல் பக்கத்திலும் உங்கள் முகமும் பெயரும் தெளிவாக இருக்கட்டும். சொந்தப் பெயர் கொடுக்கும் நம்பிக்கையில் முக்கால்வாசி அதிலேயே வந்துவிடும்.

புதிதாக உருவாக்கிய சொல்லுக்கு எல்லோரும் சொல்லும் உதாரணம் கோடக். ஜார்ஜ் ஈஸ்ட்மன் 1888ல் அதைப் பதிவு செய்தபோது அது எந்த மொழியிலும் இல்லாத சொல். குட்டையாக இருக்க வேண்டும், யாரும் தப்பாக உச்சரிக்கக்கூடாது, வேறு எதையும் நினைவூட்டக்கூடாது என்பது அவர் வைத்த அளவுகோல், கே என்ற எழுத்தின் ஒலி மீது அவருக்குத் தனிப் பிரியமும் இருந்தது. 130 வருஷத்துக்கு மேலாகியும் அந்த அளவுகோலில் ஒரு எழுத்தைக்கூட மாற்றத் தேவையில்லை. சட்டப்படி இதைவிட வலுவான வகை கிடையாது, இணைய முகவரியும் எளிதில் கிடைக்கும்.

ஆனால் வெறும் சொல்லுக்குள் அர்த்தத்தை ஊற்றி நிரப்புவது யார்? விளம்பரம்தான். டோக்கியோ சூஷின் கோக்யோ என்ற நீளமான பெயரை 1958ல் சோனி என்று மாற்றிக்கொண்ட நிறுவனத்திடம் உலகம் முழுக்க அனுப்ப ரேடியோக்கள் இருந்தன, ஒவ்வொன்றின் மேலும் அந்த நாலு எழுத்துகள் இருந்தன. நம் சைக்கிள்காரரிடம் ஒரு போர்டும் ஒரு வாட்ஸ்அப் எண்ணும் இருக்கின்றன. அவர் 'வெலோக்ஸா' மாதிரி ஒன்றை வைத்தால், வருகிறவர் ஒவ்வொருவருக்கும் அது என்ன என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகும் அது மனதில் தங்குமா என்பது சந்தேகம், ஏனென்றால் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பும் இல்லை. அதற்கு மேல், இப்படி இரண்டு சொற்களை வெட்டி ஒட்டிச் செய்யும் பெயர்கள் எல்லாம் ஒரே சாயலில் வந்து நிற்கின்றன. கேட்டால் மருந்தா, மென்பொருளா, தரை துடைக்கும் திரவமா என்று தெரிவதில்லை. உயிரெழுத்தை விழுங்கி எழுதும் பழக்கம் ஒன்றும் கொஞ்ச காலம் ஓடியது. 2004ல் வந்த ஃபிளிக்கர், 2007ல் வந்த டம்ப்ளர் இரண்டுமே ஆங்கிலத்தில் ஒரு எழுத்தைத் தூக்கிவிட்டு எழுதப்பட்டவை. இணையத்திலேயே பிறந்து, லிங்க் வழியாகவே பரவியவர்களுக்கு அது சரிப்பட்டது. உங்களுக்கு ஆள் வருவது ஒருவர் இன்னொருவரிடம் வாயால் சொல்லி. வாயால் சொல்லும்போது விழுங்கிய எழுத்து தெரியாது.

சம்பந்தமில்லாத சாதாரணச் சொல், அதாவது கம்ப்யூட்டருக்கு ஆப்பிள் மாதிரி, புதுச்சொல்லைவிட மேல். மக்களுக்கு ஏற்கெனவே தெரிந்த சொல், எழுதத் தெரியும், ஒரு படம் கண்ணில் வரும், சட்டமும் பாதுகாக்கும். கவனிக்க வேண்டியது, அந்தச் சொல்லை வேறு துறையில் வைத்திருப்பவர் எத்தனை பெரியவர், நீங்கள் பின்னால் எந்தப் பக்கம் போவீர்கள் என்பதை. பீட்டில்ஸ் இசைக்குழுவின் நிறுவனமான ஆப்பிள் கோர் 1978ல் ஆப்பிள் கம்ப்யூட்டர் மீது வழக்குப் போட்டது. 1981ல் சமரசம், நிபந்தனை என்னவென்றால் கம்ப்யூட்டர்காரர்கள் இசைத் தொழில் பக்கம் வரக்கூடாது. கம்ப்யூட்டர் பாட ஆரம்பித்ததும் மறுபடி வழக்கு, 1991ல் இன்னொரு சமரசம், ஐடியூன்ஸ் வந்ததும் மறுபடி. முழுசாகத் தீர்ந்தது 2007ல். இன்றைய தொழிலுக்கு மட்டும் பெயரைச் சரிபார்த்தால் போதாது, அடுத்த ஐந்து வருஷத்தில் தொடக்கூடிய துறைகளிலும் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான வழக்கு எனக்குத் தெரியாது.

முதலெழுத்துப் பெயர்கள், ஊர்ப் பெயர்கள் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஐபிஎம் 1911ல் கம்ப்யூட்டிங் டேபுலேட்டிங் ரெக்கார்டிங் கம்பெனி என்று தொடங்கி, 1924ல் இன்டர்நேஷனல் பிசினஸ் மெஷின்ஸ் ஆகி, அதற்குப் பிறகு மக்கள் வாயில் தேய்ந்து மூன்றெழுத்து ஆனது. முதல் நாளே மூன்று எழுத்தோடு வருகிறவரை யாருக்கும் நினைவிருக்காது. ஊர்ப் பெயர் எல்லோருக்கும் பொது, இடம் மாறினால் பொய்யாகவும் ஆகிவிடும்.

மிச்சமிருப்பது குறிப்பால் சொல்லும் பெயர், என் ஓட்டு இதற்குத்தான். தொழிலைப் பெயர் சொல்லாது, ஆனால் கேட்கிறவர் அரை நொடி யோசித்தால் பிடிபடும், பிடிபட்டதும் ஒரு சின்னச் சந்தோஷம் வரும், அந்தச் சந்தோஷத்தால்தான் நினைவில் நிற்கும். சட்டமும் இதை முதல் நாளிலிருந்தே பாதுகாக்கிறது, மக்களுக்குப் பழக்கமாகிவிட்டது என்றெல்லாம் நிரூபிக்க வேண்டியதில்லை. விவரிக்கும் பெயரின் தெளிவில் பாதியும் புதுச்சொல்லின் பாதுகாப்பில் பெரும்பகுதியும் கிடைக்கிறது. குறையும் தெளிவைப் பெயருக்குக் கீழே ஒரு வரி எழுதி ஈடுகட்டிவிடலாம்.

கஷ்டம் என்னவென்றால் இந்த வகையில் நல்ல பெயர் கண்டுபிடிக்க நேரம் பிடிக்கும், சுலபமாகத் தோன்றுவதில் பொறி இருக்கும். சைக்கிளுக்கே பார்ப்போம். மிதிக்காமல் தானாக ஓடும் சுகம் சைக்கிள் ஓட்டுகிறவர் எல்லோருக்கும் தெரியும், அதனால் 'இறக்கம்' என்று வைக்கலாம் என்று தோன்றும். ஆனால் தொழிலுக்குப் பக்கத்தில் வரும்போது அந்தச் சொல்லுக்குச் சரிவு என்றுதான் காது அர்த்தம் எடுக்கும். 'எதிர்க்காற்று' நல்ல சொல், ஓட்டுகிறவர்களுக்கு உடம்பிலேயே தெரிந்தது. இளைஞர்கள் நீண்ட தூரம் ஓட்டும் குழுவுக்கு அருமையாகப் பொருந்தும், பழுது பார்க்கும் இடத்துக்கு ஏனோ சிக்கல் வரும் என்று எச்சரிப்பதுபோல இருக்கிறது. 'ஆரக்கால்', அதாவது வீலின் நடுவிலிருந்து விளிம்புக்குப் போகும் கம்பி. இது எனக்குப் பிடித்திருக்கிறது. பழுது பார்ப்பதற்கும் பொருந்தும், விற்பனைக்கும் பொருந்தும், வகுப்புக்கும் பொருந்தும், லோகோ வரைய யாரையும் தேட வேண்டாம்.

சரி, ஆரக்கால் என்றே முடிவு செய்துவிடலாமா? இங்கேதான் நிதானம் வேண்டும். ஆங்கில எழுத்தில் எழுதிப் பாருங்கள். ஆ-வுக்கு ஒரு ஏ போடுவதா இரண்டா, நடுவில் ஒரு கே-யா இரண்டா, கடைசி கால்-இல் மறுபடி எத்தனை ஏ? ஒரே பெயருக்கு நாலைந்து எழுத்துக்கூட்டு, ஒவ்வொருவரும் ஒவ்வொன்றாகத் தேடுவார்கள். அதிலும் ஒரு எழுத்துக்கூட்டில் தேடினால் பழைய அரச வம்சம் ஒன்றின் பெயர்தான் பக்கம் பக்கமாக வருகிறது. தமிழ்ப் பெயர் வைக்கிற எல்லோருக்கும் இந்தத் தொல்லை உண்டு, ழகரம் இருந்தால் இன்னும் அதிகம், ஒருவர் இசட் ஹெச் போடுவார், இன்னொருவர் எல். இதற்காகத் தமிழ்ப் பெயரையே விடச் சொல்ல மாட்டேன். குறில் நெடில் குழப்பமும் ழகர ளகரக் குழப்பமும் குறைவாக உள்ள சொல்லைத் தேடுங்கள், இல்லாவிட்டால் அதிகம் புழங்கக்கூடிய இரண்டு எழுத்துக்கூட்டுகளில் டொமைன், அதாவது இணைய முகவரி, வாங்கி ஒன்றை மற்றொன்றுக்குத் திருப்பிவிடுங்கள். தமிழ் எழுத்திலேயே டொமைன் வாங்கலாம். ஆனால் அது உள்ளுக்குள் எக்ஸ் என் என்று தொடங்கும் ஆங்கில எழுத்துக் கோவையாகத்தான் சேமிக்கப்படுகிறது, சில இடங்களில் லிங்க்கைப் பகிரும்போது அந்தக் கோவையே வெளியே தெரியும். அதனால் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம், ஒரே முகவரியாக வேண்டாம்.

எந்த வகையானாலும் சரி, போன் சோதனையை மட்டும் விட்டுவிடாதீர்கள். 1994ல் ஜெஃப் பெசோஸ் தன் நிறுவனத்தை முதலில் பதிவு செய்தது கடாப்ரா என்ற பெயரில். போனில் அதைக் கேட்ட வக்கீலுக்கு அது பிணத்தைக் குறிக்கும் கடாவர் என்ற ஆங்கிலச் சொல்லாகக் காதில் விழுந்தது. பெயர் அமேசான் ஆனது. நீங்கள் செய்ய வேண்டியது எளிது. உங்கள் தொழிலைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவருக்குப் போன் செய்து, பெயரை ஒரே ஒரு முறை, வழக்கமான வேகத்தில் சொல்லி, எழுதச் சொல்லுங்கள். எழுத்துக்கூட்டைச் சொல்லாதீர்கள். அவர் எழுதியதைப் படமெடுத்து அனுப்பச் சொல்லிப் பாருங்கள். ஐந்தாறு பேரிடம் செய்து பாதிப் பேர் தப்பாக எழுதினால், எவ்வளவு பிடித்த பெயரானாலும் விட்டுவிடுவது நல்லது. இரண்டு மூன்று நாள் கழித்து அதே ஆட்களைக் கூப்பிட்டு அந்தப் பெயர் என்ன என்று கேளுங்கள், யார் நினைவில் நின்றது என்று தெரியும். இன்னொன்று, நீங்களே வாய்விட்டு, "வணக்கம், ஆரக்கால்லேர்ந்து பேசறேன், உங்க சைக்கிள் ரெடி" என்று சொல்லிப் பாருங்கள். அந்த வாக்கியத்தை நீங்கள் ஆயிரக்கணக்கான முறை சொல்லப் போகிறீர்கள். நாக்கு தடுக்கினாலோ சொல்லவே கூச்சமாக இருந்தாலோ அந்தப் பெயர் உங்களுக்கு வேண்டாம்.

நண்பர்களிடம் ஓட்டெடுப்பு நடத்துவதை நான் ஆதரிக்கவில்லை. எது பிடிக்கிறது என்று கேட்டால் எல்லோரும் கேட்டுப் பழகிய மாதிரியான பெயரையே காட்டுவார்கள், அதாவது ஏற்கெனவே பத்துப் பேர் வைத்திருக்கும் பெயரை. கேட்பதானால், "இந்தப் பெயரைக் கேட்டால் என்ன தொழில்னு தோணுது?" என்று மட்டும் கேளுங்கள்.

அப்புறம் சட்டப் பக்கம். நிறையப் பேர் குழப்பிக்கொள்வது, தொழிலைப் பதிவு செய்யும்போது அந்தப் பெயர் கிடைத்துவிட்டால் அது தன்னுடையது என்று. இல்லை. தொழில் பதிவு வேறு, டிரேட்மார்க் வேறு, டொமைன் வேறு, இன்ஸ்டாகிராம் கணக்கு வேறு. ஒன்று கிடைத்ததால் மற்றது கிடைத்ததாக ஆகாது. நாலையும் ஒரே உட்காரலில் பாருங்கள். டிரேட்மார்க் பதிவுக்குப் பொருள்களையும் சேவைகளையும் 45 வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள், 34 பொருள்களுக்கு, 11 சேவைகளுக்கு. நீஸ் வகைப்பாடு என்று பெயர், 1957ல் ஏற்பட்ட உடன்படிக்கையிலிருந்து வந்தது. சைக்கிள் விற்பது ஒரு வகுப்பு, பழுது பார்ப்பது இன்னொன்று, சொல்லிக் கொடுப்பது மூன்றாவது. உங்கள் நாட்டு டிரேட்மார்க் அலுவலகத்தின் தேடல் பக்கத்தில் தேடுங்கள், உலக அறிவுசார் சொத்து அமைப்பு இலவசமாகத் திறந்து வைத்திருக்கும் உலகளாவிய பிராண்ட் தரவுத்தளத்திலும் பாருங்கள். அதே எழுத்தில் மட்டும் தேடி நிம்மதியாகிவிட வேண்டாம். எழுத்து வேறாக இருந்தாலும் ஒலி ஒன்றாக இருந்து தொழிலும் நெருக்கமாக இருந்தால், மக்கள் குழம்புவார்கள் என்று சொல்லி எதிர்க்க முடியும். உங்கள் பெயருக்கு ரொம்பப் பக்கத்தில், அதே தொழிலில் ஒருவர் இருந்தால் வாதாடிப் பார்க்கலாம் என்று கிளம்பாதீர்கள், நோட்டில் அடுத்த பெயருக்குப் போங்கள். அதனால்தான் கடைசியில் ஒரு பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்காமல் மூன்றையாவது கையில் வைத்திருக்கச் சொல்கிறேன். மூன்றையும் தேடிப் பார்த்து, நாலு இடத்திலும் தடையில்லாமல் வருவதை எடுத்துக்கொண்டால் மனசும் அதிகம் அடிபடாது.

எங்கள் சைக்கிள்காரருக்கு என்ன சொல்வேன்? தனியாகவே கடைசி வரை என்றால் அவர் பெயரையே வைக்கட்டும், பக்கத்தில் 'சைக்கிள்' என்று ஒரு சொல் சேர்த்து. வளர நினைப்பிருந்தால் ஆரக்கால், டிரேட்மார்க் தேடலில் தடையில்லை என்றால் மட்டும். கீழே 'சைக்கிள் பழுது பார்க்கும் இடம்' என்று ஒரு வரி. அந்த வரியை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், மேலே இருப்பதைத் தொட வேண்டியதில்லை.

ஏற்கெனவே வேறு வகையில் பெயர் வைத்துத் தொழில் ஓடிக்கொண்டிருக்கிறது என்றால், இதைப் படித்துவிட்டு உடனே மாற்றக் கிளம்ப வேண்டாம். ஆள் வருகிறார்கள், யாரோடும் குழம்பவில்லை, சட்டச் சிக்கலும் இல்லை என்றால் அந்தப் பெயர் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. மாற்றியே ஆக வேண்டும் என்றால் சின்னதாக இருக்கும்போதே மாற்றுங்கள். புதுப் பெயருக்குக் கீழே பழையதை ஒரு வருஷமாவது சிறிய எழுத்தில் போட்டு வையுங்கள். பழைய டொமைனுக்குப் பணம் கட்டுவதை நிறுத்தாதீர்கள், நீங்கள் விட்டுவிட்டால் கொஞ்ச காலத்தில் அதை வேறொருவர் வாங்கிக்கொள்ளலாம், உங்கள் பழைய வாடிக்கையாளர் சேமித்து வைத்திருக்கும் லிங்க்கெல்லாம் அவரிடம் போய்ச் சேரும்.